மக்காசாரில் மூன்று நாட்கள்: ஒரு துறைமுக நகரத்துக்கான குறும்பயணத்தைத் திட்டமிடும் முறை

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர், வடக்கே மலைநாட்டில் உள்ள தானா தொராஜாவுக்குப் போகும் வழியில் இறங்கி ஏறும் இடமாக மட்டுமே மக்காசாரைக் கருதுகிறார்கள். ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் காலையில் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். மலுக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் உலகத்தின் பல திசைகளுக்குப் பிரிந்து போன துறைமுகம் இது. கடல் எல்லோருக்கும் பொதுவானது, அதில் யாரையும் தடுக்க முடியாது என்ற நிலையில் உறுதியாக நின்று, டச்சுக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துப் போரிட்ட அரசு இங்கே இருந்தது. இத்தகைய ஊரை ஒரே இரவில் கடந்து போவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. இரண்டு இரவுகளும் மூன்று பகல்களும் இருந்தால் மக்காசாரை ஓரளவு நன்றாக அறிந்துகொள்ள முடியும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ப்பது இந்த ஊருக்குப் பொருந்தாது. துறைமுகம் தனக்கென ஒரு கால ஒழுங்கை வைத்திருக்கிறது. மீன் விடியற்காலையில் கரை சேர்கிறது. நண்பகலில் வெயில் வெளியே நிற்கவிடாது. மாலை 6 மணியை ஒட்டிச் சூரியன் நேரே கடலுக்குள் இறங்குகிறது. அதன் பிறகுதான் ஊர் முழுவதும் வெளியே வந்து உட்காருகிறது. எந்த இடத்துக்கு எந்த மணி என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்ற ஏற்பாடுகள் தாமாகவே அமைந்துவிடும்.

எந்த மாதத்தில் செல்வது

மக்காசார் சுலாவெசியின் தென்மேற்குக் கரையில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை, மாறுவது மழைதான். நவம்பர் பிற்பகுதியில் மேற்குப் பருவக்காற்று தொடங்கும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்களில் இந்தக் கரையில் மிகக் கனமான மழை பெய்யும். அந்த நாட்களில் கடல் கொந்தளிப்பதால் சிறு படகுகள் தீவுகளுக்குப் போவது அடிக்கடி நின்றுவிடும், மாலைச் சூரியனும் மேகத்துக்குள் மறைந்துவிடும். ஆகவே குறுகிய பயணத்துக்கு ஏற்ற காலம் மே இறுதி முதல் அக்டோபர் வரை. அதற்குள்ளும் ஜூன், ஜூலை மாதங்களையே நான் தேர்வேன். செப்டம்பருக்குள் நிலம் நன்றாகக் காய்ந்துவிடும். ஜூன் மாதத்திலோ நகருக்கு வடக்கே உள்ள மாரோஸ் பகுதியின் வயல்களில் பசுமை இன்னும் மிச்சமிருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும்.

பயணத் தேதியை உறுதி செய்வதற்கு முன் ரமலான் மாதம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகரத்தின் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். நோன்பு மாதத்தில் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும், சில திரைச்சீலைக்குப் பின்னால் இயங்கும். பெருநாளை ஒட்டிய வாரத்தில் நாடே சொந்த ஊருக்குப் புறப்படுவதால் விமானச் சீட்டும் தங்குமிடமும் கிடைப்பது கடினம். ஆனால் நோன்பு மாதத்து மாலைகளில் தெருவெங்கும் விற்கப்படும் இனிப்புகளுக்காகவே அந்தக் காலத்தில் வருகிறவர்களும் உண்டு. பகலில் உணவுக்குச் சிறிது சிரமப்பட ஆயத்தமாக இருந்தால் அதையும் ஒரு வாய்ப்பாகக் கொள்ளலாம்.

சென்று சேர்தல்

தமிழ்நாட்டிலிருந்து மக்காசாருக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஜகார்த்தாவையோ பாலியையோ அடைந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பதே வழக்கமான வழி. ஜகார்த்தாவிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும், பாலியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். கோலாலம்பூரிலிருந்து மக்காசாருக்கே நேரடி விமானங்கள் இயங்கியதுண்டு. நீங்கள் செல்லும் காலத்தில் அந்தச் சேவை இருந்தால், நாட்டுக்குள் நுழையும் நடைமுறைகள் அனைத்தையும் மக்காசாரிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பதால் முதலில் அதையே தேடிப் பாருங்கள்.

ஜகார்த்தா வழியாகச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கும் உள்நாட்டு விமானத்துக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கியிருந்தால், ஜகார்த்தாவில் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, சில சமயம் வேறு முனையத்துக்குச் சென்று மீண்டும் பெட்டியைப் பதிய வேண்டியிருக்கும். இரண்டு விமானங்களுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது விட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் பயணத்தில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால், பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாட்களுக்கான வருகை விசாவை விமான நிலையத்திலேயே வாங்கலாம். அதற்கான கட்டணம் 500,000 ரூபியா. இதையே இணையத்தில் முன்கூட்டி வாங்கிக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் 30 நாட்கள் வரை விசா இன்றியே தங்கலாம். எந்த நாட்டவராயினும் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், திரும்பிச் செல்லும் பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். இவற்றோடு ‘ஆல் இந்தோனேசியா’ என்ற இணையவழி வருகைப் படிவத்தை, வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பி, அதில் கிடைக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ள வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், சீட்டு வாங்கும் முன் இந்தோனேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கடல் வழியை விரும்புவோருக்கு வேறொரு வாய்ப்பும் உள்ளது. அரசுக் கப்பல் நிறுவனமான பெல்னியின் பயணிகள் கப்பல்கள் சுரபாயாவிலிருந்து ஏறத்தாழ ஒரு நாளில் மக்காசாரை அடைகின்றன. துறைமுக நகரத்தைத் துறைமுகத்தின் வழியே அடைவதற்கு நிகரான வருகை இல்லை. ஆயினும் கப்பல்களின் கால அட்டவணை வாரந்தோறும் வேறுபடும் என்பதால், தேதியைச் சற்று முன்பின் நகர்த்தக்கூடியவர்கள் மட்டுமே இதை மேற்கொள்வது நல்லது.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜகார்த்தாவில் ‘சுகர்னோ-ஹத்தா’ என்றால் விமான நிலையம்; மக்காசாரில் அதே பெயர் பயணிகள் கப்பல் துறைக்கு உரியது. மக்காசார் விமான நிலையத்தின் பெயர் ‘சுல்தான் ஹசனுதீன்’. ஆனால் ஹசனுதீன் என்ற பெயரில் பல்கலைக்கழகமும் தெருவும் உள்ளன. ஓட்டுநரிடம் பெயரை மட்டும் சொல்லாமல் விமான நிலையம் என்பதற்கு ‘பண்டாரா’ என்றும், துறைமுகம் என்பதற்கு ‘பெலாபுஹான்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய வரைபடங்களில் ஊரின் பெயர் ‘ஊஜுங் பாண்டாங்’ என்றிருக்கும். 1971 முதல் 1999 வரை அதுவே அதிகாரப்பூர்வப் பெயர். விமானச்சீட்டில் இன்றும் யூபிஜி என்ற குறியீடு இருப்பதற்கு அதுவே காரணம்.

தங்குமிடம், பணம், போக்குவரத்து

விமான நிலையம் நகரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், மாரோஸ் மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது. சுங்கச் சாலை வழியாக வந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரையை அடைந்துவிடலாம். மாலை நெரிசலில் இன்னும் கூடுதலாகும். அறையை விமான நிலையத்துக்கு அருகில் எடுக்க வேண்டாம். ரோட்டர்டாம் கோட்டைக்கும் லோசாரிக் கடற்கரைக்கும் இடைப்பட்ட பகுதியில், சொம்பா ஓப்பு தெருவை ஒட்டி எல்லா விலையிலும் விடுதிகள் உள்ளன. அங்கே தங்கினால் கோட்டை, கடற்கரை, தீவுப் படகுத்துறை, நகைக்கடைத் தெரு ஆகிய நான்குக்கும் நடந்தே போகலாம். குறும்பயணத்தில் அறை வாடகையில் மிச்சம் பிடித்து ஒதுக்குப்புறத்தில் தங்குவது, காலத்தைச் செலவிட்டுப் பணத்தைச் சேமிப்பதாகும்.

இந்திய ரூபாயை இங்கே மாற்றுவது எளிதன்று. மடிப்பும் கறையும் இல்லாத புதிய அமெரிக்க டாலர் நோட்டுகளைக் கொண்டுசெல்லுங்கள். அல்லது வெளிநாட்டில் செல்லுபடியாகும் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரூபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய நோட்டு 100,000 ரூபியா. பூச்சியங்களைப் பார்த்து மலைப்பது முதல் நாள் மட்டுந்தான். விலை சொல்பவர்கள் ஆயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ‘லிமா புலுஹ்’, அதாவது ‘ஐம்பது’ என்றால் 50,000 என்று பொருள். படகோட்டி, மீன்கடை, தெருவோர வண்டி ஆகியோருக்குக் கொடுக்க 5,000, 10,000, 20,000 நோட்டுகள் எப்போதும் வேண்டும். கடைகளில் எங்கும் காணும் ‘கியூரிஸ்’ எனும் கியூஆர் குறியீட்டு வழியே பணம் செலுத்தும் முறை உள்ளூர்க்காரர்களுக்கு வசதியானது. பயணிகள் அதை நம்பிக் கையில் காசில்லாமல் கிளம்பக்கூடாது.

நகருக்குள் செல்லக் கிராப், கோஜெக் செயலிகளே போதும். கார், இருசக்கர வண்டி இரண்டும் கிடைக்கும், கட்டணமும் முன்கூட்டியே தெரியும். ‘பெத்தே-பெத்தே’ எனப்படும் சிறு வேன்கள் குறிப்பிட்ட தடங்களில் ஓடுகின்றன. மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டியான ‘பெந்தோர்’ குறுகிய தூரத்துக்கு நன்று; ஏறும் முன் விலை பேசிவிட வேண்டும்.

மின்செருகி விஷயத்திலும் கவனம் தேவை. இந்தோனேசியாவில் இரண்டு உருண்டை முனைகள் கொண்ட செருகியே வழக்கம். நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது. நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும். ஜகார்த்தாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். விமானம் மாறும்போது கைக்கடிகாரத்தை இருமுறை திருத்த வேண்டிவரும்.

முதல் நாள் மாலை: லோசாரி

பகலில் வந்து சேர்ந்தால் அறையில் பெட்டியை வைத்துவிட்டு, மாலை 5 மணிக்கு லோசாரிக் கடற்கரைக்குச் சென்றுவிடுங்கள். மணற்கரையை எதிர்பார்க்க வேண்டாம். இது நீண்ட கல்தளமும் தடுப்புச்சுவரும் கொண்ட உலாவிடம். கரை மேற்குப் பார்த்திருப்பதால் சூரியன் கடலில் இறங்குவதை மறைப்பின்றிக் காணலாம். நீரின்மேல் தூண்களில் நிற்கும் அமிருல் முக்மினின் பள்ளிவாசல் இங்கேயே இருக்கிறது. எதிரே கடலை நிரப்பி உருவாக்கிய நிலத்தில், செம்மஞ்சள் நிறக் குவிமாடங்கள் அடுக்கடுக்காக எழும் 99 குவிமாடப் பள்ளிவாசல் தெரியும். தோளும் முழங்காலும் மறையும் உடையோடு, தொழுகை நேரம் தவிர்த்துச் சென்றால் பயணிகளை அன்போடு வரவேற்கிறார்கள்.

இருட்டியதும் ‘பிசாங் எப்பே’ விற்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும். செங்காயான வாழைப்பழத்தைக் கரியில் சுட்டு, இரு பலகைகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, மீண்டும் சுட்டு, மேலே பனைவெல்லப் பாகு ஊற்றித் தருவார்கள். டுரியான், சீஸ், சாக்லேட் என்று பல வகைகள் இப்போது வந்துவிட்டன. முதல் தட்டை வெறும் வெல்லப்பாகோடு வாங்குங்கள். அதன் ருசிக்கு வேறெதுவும் தேவையில்லை.

இரண்டாம் நாள்: விடியலில் பாவோத்தெரே, பிறகு கோட்டை

இந்தப் பயணத்தில் எதையாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தால் பாவோத்தெரேயை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோட்டைக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள இந்தப் பழைய மரக்கலத் துறைக்குக் காலை 5:30 மணிக்கெல்லாம் போய்விட வேண்டும். முதலில் மீன் ஏலம். சூரை, கலவா, ஓரா, கணவாய் என்று நாம் நன்கு அறிந்த மீன்களே கூடைகூடையாக இறங்கும். தரை ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும் என்பதால் பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். சுமை தூக்குவோரின் பாதையில் நின்று படம் எடுக்கக்கூடாது. ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டு எடுத்தால் ஒருவரும் மறுப்பதில்லை.

மீன்சந்தையைத் தாண்டினால் உயர்ந்த முகப்பு கொண்ட மரக்கப்பல்கள் வரிசையாகக் கட்டியிருக்கும். இரண்டு பாய்மரமும் ஏழு பாய்களும் கொண்ட ‘பினிசி’ மரபில் வந்தவை இவை. இன்று பெரும்பாலும் எஞ்சினில் ஓடுகின்றன என்றாலும், உடலைக் கட்டும் முறை பழையதே. மக்காசாருக்குத் தென்கிழக்கே புலுகும்பா மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், முதலில் வெளிப்பலகைகளைப் பொருத்திவிட்டுப் பிறகே உள்விலாக்களை அமைக்கும் முறையில் இவற்றைக் கட்டுகிறார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பலகைப் பாலத்தின் மேல் ஆட்கள் சிமெண்டு மூட்டையும் அரிசி மூட்டையும் சுமந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இந்தோனேசிய மொழியில் கப்பலுக்குக் ‘கப்பால்’ என்று பெயர் இருப்பது ஒரு தமிழ் வாசகரைச் சும்மா விடாது. அங்கே கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’, கிடங்கு ‘குடாங்’. நம் வணிகர்கள் கீழைக் கடல்களில் விட்டுவந்த சொற்கள் இவை. துறைமுகத்தில் நின்று கேட்கும்போது ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளோடு எதிரே நிற்கிறது.

இங்கிருந்து கிளம்பிய மக்காசார் மாலுமிகள் கடலட்டை சேகரிக்க வட ஆஸ்திரேலியக் கரை வரை ஆண்டுதோறும் சென்றுவந்தார்கள். மேற்குப் பருவக்காற்றில் போய், கிழக்குக் காற்றில் திரும்புவது வழக்கம். தெற்கு ஆஸ்திரேலிய அரசு உரிமம் தர மறுத்ததால் 1907இல் அந்தப் பயணம் நின்றுபோயிற்று. பதப்படுத்திய கடலட்டை சீனச் சந்தைக்குப் போயிற்று.

காலை உணவுக்குப் பிறகு, 9 மணியளவில் ரோட்டர்டாம் கோட்டைக்குச் செல்லுங்கள். 16ஆம் நூற்றாண்டில் கொவா அரசு இங்கே ஒரு கோட்டையை எழுப்பியது. கொவா என்பது நம் மேற்குக் கடற்கரைக் கோவா அன்று. மக்காசாரை ஆண்ட அரசின் பெயர். கொவாவின் சுல்தான் ஹசனுதீன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடும் அதன் துணைவரான புகிஸ் இளவரசர் அருங் பாலாக்காவோடும் போரிட்டுத் தோற்று, 1667இல் பொங்காயா உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதன்படி கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. படைத்தலைவர் கொர்னேலிஸ் ஸ்பேல்மன் தான் பிறந்த ஊரின் பெயரை அதற்குச் சூட்டினார். மேலிருந்து பார்த்தால் கடலை நோக்கி ஊர்ந்து போகும் ஆமையின் வடிவம். உள்ளூர் மக்கள் இதை இன்றும் ஆமைக்கோட்டை என்ற பொருளில் ‘பென்டெங் பாஞ்ஞுவா’ என்கிறார்கள்.

உள்ளே செங்குத்தான கூரைகளோடு நிற்கும் டச்சுக்காலக் கட்டடங்களில் லா கலிகோ அருங்காட்சியகம் இயங்குகிறது. ஜாவாப் போரை நடத்திய இளவரசர் திபொநெகொரோ தம் இறுதி ஆண்டுகளைச் சிறைப்பட்டுக் கழித்ததும் இந்தக் கோட்டையில்தான். 1855 ஜனவரி 8 அன்று அவர் இங்கே இறந்தார். நகருக்குள்ளேயே அவர் பெயரிலான தெருவில் அவருடைய கல்லறை இருக்கிறது. சொந்த மண்ணிலிருந்து கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட ஒருவரின் கல்லறையை ஊர் இத்தனை அக்கறையோடு பேணுவது என்னை நெகிழச் செய்கிறது. அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போய் வாருங்கள். கோட்டைக்கு இரண்டு மணி நேரம் போதும்.

நண்பகலில் 12 முதல் 3 வரை வெளியே அலைய வேண்டாம். வெள்ளிக்கிழமையானால் அந்நேரத்தில் கடைகளும் ஓரளவு அடைத்திருக்கும். பிற்பகலில் தெம்பிருந்தால் தெற்கே கொவா மாவட்டத்தின் சுங்குமினாசாவில் உள்ள பழைய அரண்மனையான ‘பல்லா லொம்போவா’ மரவீட்டையும், கத்தாங்காவில் உள்ள ஹசனுதீனின் கல்லறையையும் பார்க்கலாம். இல்லாவிட்டால் சொம்பா ஓப்பு தெருவில் நகைக்கடைகளையும் பட்டுத்துணியையும் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

மூன்றாம் நாளுக்கு இரண்டு வழிகள்

மலையா, தீவா என்று தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் முயன்றால் இரண்டும் கெட்டுவிடும். முதன்முறை வருகிறவர்களுக்கு மலையையே நான் பரிந்துரைப்பேன்.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் மாரோஸ்-பங்கெப் சுண்ணாம்புப் பாறைநிலம் தொடங்குகிறது. 2023இல் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காக்களின் பட்டியலில் இது சேர்ந்தது. சமவெளி வயல்களின் நடுவிலிருந்து பாறைக் கோபுரங்கள் செங்குத்தாக எழுந்து நிற்கும். ரம்மாங்-ரம்மாங் என்ற இடத்தில் படகுத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு, நீப்பாப் பனைகள் அடர்ந்த புத்தே ஆற்றில் சிறு படகில் பெருவா என்ற சிற்றூர் வரை போகலாம். கட்டணம் ஆளுக்கு என்றில்லாமல் படகுக்கு என்று கணக்கிடப்படும்; எத்தனை பேருக்கு எவ்வளவு என்று துறையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நகரத்திலிருந்து காலை 6 மணிக்கே கிளம்பிவிட்டால் வெயில் ஏறும் முன் ஊருக்குள் நடந்து திரும்பிவிடலாம்.

அதே பகுதியில் லெயாங்-லெயாங் தொல்லியல் பூங்கா உள்ளது. ‘லெயாங்’ என்றால் குகை. இங்குள்ள குகைச் சுவர்களில் கையை வைத்து அதைச் சுற்றிச் செந்நிறத்தை ஊதிப் பதித்த கைத்தடங்களையும் காட்டுப்பன்றி ஓவியத்தையும் காணலாம். மாரோஸ் பகுதிக் குகைகளில் ஒரு கைத்தடம் குறைந்தது 39,900 ஆண்டுகள் பழையது என்று 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, ஓவியக்கலை ஐரோப்பாவில்தான் பிறந்தது என்ற எண்ணமே ஆட்டம் கண்டது. 2024இல் லெயாங் கரம்புவாங் குகையின் ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டுகள் என்று கணித்தார்கள். எல்லாக் குகைகளுக்கும் பயணிகள் செல்ல முடியாது. ஆனால் இந்தப் பூங்காவில் காவலரோடு படியேறிப் போய் அத்தகைய கைத்தடங்களை நேரில் காணலாம். சுவரைத் தொடவே கூடாது. மனிதக் கையின் ஈரமும் எண்ணெயும் அந்த நிறத்துக்குப் பகை.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே பந்திமுருங் அருவியும் வண்ணத்துப்பூச்சிகளும் உள்ளன. ஆல்பிரட் ரசல் வாலஸ் 1857இல் பூச்சிகள் சேகரித்த இடம் அது. வாயிலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அறைந்து விற்கப்படும் வண்ணத்துப்பூச்சிகளை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றுள் பாதுகாக்கப்பட்ட இனங்களும் இருக்கக்கூடும், சுங்கத்தில் சிக்கலும் வரும். ஞாயிற்றுக்கிழமையில் உள்ளூர்க் குடும்பங்களால் அருவி நிரம்பிவிடும். ஓட்டுநரோடு காரை அரை நாளுக்கோ முழு நாளுக்கோ பேசிக்கொள்வதே இந்த வழிக்கு ஏற்றது; திரும்பும்போது செயலியில் வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. அன்று மாலையே விமானம் என்றால் பெட்டிகளையும் காரிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். விமான நிலையம் திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

தீவு வழியைத் தேர்பவர்கள், கோட்டைக்கு எதிரே உள்ள காயு பங்கோவா படகுத்துறைக்குக் காலையிலேயே போக வேண்டும். லாயே-லாயே தீவு சில நிமிடத் தூரம். சமலோனா அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கொடிங்காரெங் கெக்கே இன்னும் தொலைவு, மணலும் நீரும் அங்கே மேலும் தெளிவு. படகை முழுமையாக வாடகைக்கு எடுப்பதே வழக்கம். திரும்பும் நேரத்தையும் சேர்த்து விலை பேசி, பணத்தின் பெரும்பகுதியைக் கரை திரும்பிய பிறகே கொடுங்கள். பிற்பகலில் காற்று எழும் என்பதால் மதியத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது. உயிர்காப்பு உடை படகில் இருக்கிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் வேறு படகைத் தேடுங்கள்.

தானா தொராஜாவை இந்த மூன்று நாளுக்குள் நுழைக்க முயல வேண்டாம். சாலை வழியே போக மட்டுமே எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். அதற்கென்று தனியாக நான்கு நாட்கள் வைத்துக்கொண்டு வாருங்கள்.

உணவு

மக்காசாரின் புகழ்பெற்ற உணவுகளான சோத்தோ, கொன்ரோ, பல்லுபாசா மூன்றும் மாட்டிறைச்சியும் அதன் உள்ளுறுப்புகளும் எலும்பும் கொண்டவை. சோத்தோ, வேர்க்கடலையும் பல மசாலாக்களும் அரைத்துச் சேர்த்த கெட்டியான குழம்பு. தென்னை அல்லது வாழை இலையில் பொதிந்து வேகவைத்த அரிசிக்கட்டியோடு உண்பார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ‘சாப்பி’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது மாட்டைக் குறிக்கும்.

அவர்களுக்குக் கவலையே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இங்கே மீன் இருக்கிறது. ‘இக்கான் பக்கார்’ என்பது கரியில் சுட்ட மீன். பாவோத்தெரேயைச் சுற்றியும் நகருக்குள்ளும் உள்ள கடைகளில் பனிக்கட்டிமேல் வைத்திருக்கும் மீனை நீங்களே சுட்டிக்காட்டித் தேரலாம். ஓரா மீனுக்கு ‘பாரோனாங்’ என்றும், பால்கெண்டைக்கு ‘போலு’ என்றும் பெயர். சோறு, பச்சை மாங்காய்ச் சீவல், பலவகைச் சம்பல்களோடு வரும். விலையை மீன் சுடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் சற்று உழைக்க வேண்டும். காய்கறியும் வேர்க்கடலைச் சாறும் கலந்த காடோ-காடோ, சோயாவிலிருந்து செய்யும் தெம்பே, தாஹு ஆகியவை எங்கும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், சம்பலிலும் சில காய்கறிக் கூட்டுகளிலும் ‘தெராசி’ எனும் இறால் விழுது கலந்திருக்கும். ‘தான்பா டாகிங், தான்பா இக்கான், தான்பா தெராசி’ என்றால் இறைச்சி, மீன், இறால் விழுது இல்லாமல் என்று பொருள். இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்வது அவசியம். பொதுவாகச் ‘சைவம்’ என்று சொன்னால் இறால் விழுதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இனிப்பில் ‘பிசாங் இஜோ’வைத் தவறவிடாதீர்கள். பச்சை நிற மாவுறைக்குள் வாழைப்பழம், அடியில் தேங்காய்ப்பால் கஞ்சி, மேலே சிவப்புச் சர்க்கரைப்பாகும் பனிச்சீவலும். குழாய் நீரைக் குடிக்கக்கூடாது என்பதால் எங்கும் அடைத்த நீரே.

பேசும் முறையும் புறப்பாடும்

சற்று வயதான ஆண்களைப் ‘பாக்’ என்றும் பெண்களை ‘பூ’ என்றும் அழைப்பது நாடெங்கும் உள்ள மரியாதை. மக்காசாருக்கே உரிய சொல் ‘டாயெங்’. மீன் விற்பவரையும் பெந்தோர் ஓட்டுபவரையும் அப்படி அழைத்தால் முகம் மலர்ந்துவிடும். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடக்கும்போது வலக்கையைத் தாழ்த்தி, உடலைச் சிறிது குனிந்து ‘தாபெ’ என்று சொல்லிக்கொண்டு போவார்கள். படகுத்துறையிலும் சந்தையிலும் இந்த ஒரு சொல் உங்களுக்கு வழிவிடச் செய்யும். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊருக்கு வாங்கிச் செல்ல ஏற்றவை தொராஜாக் காப்பித்தூளும், மர்கிசா எனும் பழத்தின் பாகும், பூச்சிக்கடிக்கும் உடல்வலிக்கும் இவ்வூரில் தயாரிக்கும் ‘மின்யாக் தாவோன்’ எண்ணெயும். பின்னிரண்டும் நீர்மம் என்பதால் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். நெகிழிப்பையில் இறுக்கக் கட்டிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். உள்நாட்டு விமானங்களில் பெட்டியின் எடை வரம்பு வெளிநாட்டு விமானத்தைவிடக் குறைவாக இருப்பதுண்டு. காப்பி வாங்கும் முன்பே சீட்டில் எத்தனை கிலோ என்று பார்த்துக்கொண்டு, வார நாளின் மாலை விமானமானால் நகரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.